ஆறு மாதம் ஒரு நன்றி நோட்டு: எழுதியதும் கிழித்ததும்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த நோட்டை நான் வாங்கவில்லை. பிறந்தநாளுக்குத் தங்கை கொடுத்தது. பெட்டியின் அளவையும் கனத்தையும் வைத்து, ரொம்ப நாளாக நான் சாடைமாடையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஹெட்போன்தான் உள்ளே இருக்கிறது என்று பிரிப்பதற்கு முன்பே முடிவு கட்டியிருந்தேன். பிரித்தால் தடித்த அட்டை போட்ட ஒரு நோட்டு, மேலே தங்க நிறத்தில் நன்றி பற்றி ஏதோ ஒரு வரி. என் முகம் எப்படிப் போனதோ, "பிடிக்கலையாண்ணா?" என்றாள். "ச்சே, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி மேசை மேல் போட்டேன். நன்றி எழுதுவதற்கென்றே ஒரு நோட்டை வாங்கிக்கொண்டு, கொடுத்தவளுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பது எனக்கு உறைக்க ஏழு வாரம் ஆனது. இந்த விமர்சனத்தை எழுதுகிறவன் எப்பேர்ப்பட்ட ஆள் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

நோட்டைப் பற்றி. 26 வாரத்துக்கு உண்டானது, தேதி அச்சிடாதது, எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். ஒரு நாளுக்கு அரைப் பக்கம்: காலையில் மூன்று வரி, இரவில் மூன்று வரி. வாரக் கடைசியில் ஒரு முழுப் பக்கம், அதன் தலையில் ஒரே ஒரு கேள்வி, அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். மாதத்துக்கு ஒன்றாக ஆறு கடிதத் தாள்கள், ஓரத்தில் துளை போட்டிருக்கும், கிழித்து யாருக்காவது கொடுத்துவிடலாம். நூலால் தைத்த பைண்டிங் என்பதால் விரித்து வைத்தால் அப்படியே படிந்து கிடக்கிறது, எழுதிக்கொண்டிருக்கும்போதே தானாக மூடிக்கொள்வதில்லை. இதற்கு முழு மதிப்பெண். தாளும் நல்ல தாள், மை மறுபக்கம் இறங்கவில்லை, ஆனால் கொஞ்சம் வழுவழுப்பு, ஜெல் பேனாவால் எழுதினால் காய நேரம் எடுக்கிறது. நான் இடதுகைக்காரன், எழுத எழுதக் கை அதன் மேலேயே நகரும், முதல் வாரம் எழுதிய நன்றி எல்லாம் வெறும் தீற்றலாகத்தான் இருக்கிறது. பால்பாயிண்ட்டுக்கு மாறிய பிறகு சரியானது. எலாஸ்டிக் பட்டை மூன்றாம் மாதமே தொய்ந்துவிட்டது. அடையாள ரிப்பனின் நுனி பிரிந்தது, லேசாக நெருப்பில் காட்டிச் சமாளித்தேன்.

சரி, இனி இது எதற்கு உதவியது என்பது. அட்டையில் மகிழ்ச்சி, மன அமைதி, ஆழ்ந்த தூக்கம் என்று நிறைய வாக்குறுதி இருக்கிறது. எனக்குத் தூக்கமெல்லாம் நன்றாகவே வரும். என் கோளாறு வேறு, 'வரவேண்டியதுதானே' என்ற நினைப்பு. இதற்கு ஒற்றைச் சொல் தேடிப் பார்த்தேன், மிதப்பு, இறுமாப்பு, உரிமை கொண்டாடுதல் என்று ஒவ்வொன்றும் கிட்டே வந்து நின்றுவிடுகிறதே தவிரப் பொருந்தவில்லை. மிதப்பு உள்ளவனை நடையிலேயே கண்டுபிடிக்கலாம். இது அப்படி வெளியே தெரியாது, பணிவாகப் பேசுகிறவனிடமும் இருக்கும். நல்லது நடந்தால் 'வரவேண்டியதுதானே', நடக்காவிட்டால் 'வரவேண்டியது எங்கே'. இந்த இரண்டுக்கும் நடுவில் சந்தோஷப்படவோ ஒருவருக்கு நன்றி சொல்லவோ சந்தே கிடையாது.

ஒரு உதாரணம் சொன்னால் புரியும். லிஃப்ட் பழுதான ஒரு நாள், பார்சல் கொண்டுவந்தவர் நான்கு மாடி ஏறி மூச்சிரைக்க வாசலில் நிற்கிறார். நான் கைபேசியை அவர் முகத்துக்கு நேரே காட்டி "20 நிமிஷம் லேட்" என்றேன். "மன்னிச்சுக்கங்க சார்" என்றார். அதுவும் எனக்குப் போதவில்லை, கதவைச் சாத்திய பிறகு ரேட்டிங்கில் ஒரு நட்சத்திரம் குறைத்தேன். லிஃப்ட் ஓடவில்லை என்பது எனக்குத் தெரியாதா என்றால் நன்றாகத் தெரியும், காலையில் நானே அந்தப் படிகளில் முனகிக்கொண்டே இறங்கியவன்தான்.

நோட்டின் முதல் இரண்டு பக்கத்தில் பத்துக் கேள்வி கொண்ட சுயசோதனை ஒன்று இருக்கிறது. பயனில்லை. 'கிடைத்ததை எண்ணி மகிழ்பவரா நீங்கள்' என்று கேட்டால் யார்தான் இல்லை என்று டிக் அடிப்பார்கள்? இதைவிட, கீத் கேம்பெல் என்ற உளவியலாளரும் அவருடன் நான்கு பேரும் 2004-இல் இந்த 'வரவேண்டியதுதானே' நினைப்பை அளக்க வெளியிட்ட ஓர் அளவுகோல் இருக்கிறது, அதைப் போட்டிருக்கலாம். மொத்தமே ஒன்பது வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை உங்களுக்கு எவ்வளவு சம்மதம் என்று எண் போட வேண்டும், நன்றி என்ற பேச்சே அதில் வராது. அதில் ஒன்று, டைட்டானிக் கப்பலில் நான் இருந்திருந்தால் முதல் உயிர்காப்புப் படகிலேயே எனக்கு இடம் கிடைத்திருக்க வேண்டும் என்கிற அர்த்தத்தில் வரும். சிரித்துக்கொண்டே 2 போட்டேன், நான் அவ்வளவு மோசமில்லை என்று. அடுத்து, காரியங்கள் என் போக்கில்தான் நடக்க வேண்டும் என்ற பொருளில் ஒன்று. கை யோசிக்காமல் 6 போட்டது. என்னைப் போன்றவர்களுக்கு அவ்வப்போது கொஞ்சம் சலுகை கிடைக்கத்தான் வேண்டும் என்பது போல இன்னொன்று, அதற்கும் 6. படகு விஷயத்தில் மட்டும்தான் நான் நல்லவன்.

இப்போது முதல் மாதக் கதை. தினமும் காலை மூன்று, இரவு மூன்று, ஒழுங்காக எழுதினேன். முதல் நாள்: வீடு, உடல்நலம், வேலை. இரண்டாம் நாள்: வேலை, உடல்நலம், வீடு. பத்தாம் நாள் வரும்போது நான் எழுதிக்கொண்டிருந்தது சொத்துப் பட்டியல், அவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு 'என்' வேறு, என் வீடு, என் உடம்பு, என் வேலை. நோட்டு கேட்கும் கேள்வியே அப்படித்தான் இருக்கிறது, 'இன்று உங்களிடம் இருக்கும் மூன்று நல்லவை' என்று. இருப்பதை எண்ணிப் பார்ப்பதற்கும் கல்லாப் பெட்டியை எண்ணுவதற்கும் வித்தியாசம் ரொம்பக் குறைவு. அதைவிட மோசம் என்னவென்றால், 19-ஆம் நாள் இரவு நான் எழுதிய வரி இது, அப்படியே தருகிறேன்: "இவ்வளவு ஒழுங்காக நன்றி எழுதுகிறேன், ஆனாலும் அந்தப் பதவி உயர்வு அவனுக்குத்தான் போயிருக்கிறது." அதாவது நன்றி எழுதுவதையே ஒரு தவணைபோலக் கட்டிக்கொண்டு, பலன் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். நோயைத் தீர்க்க வந்த மருந்தையே நோய் சாப்பிட்டுக் கொழுத்துக்கொண்டிருந்தது.

நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அதற்கு முன், இது வேலை செய்யும் என்று யார் சொன்னார்கள் என்று கொஞ்சம் தேடிப் படித்தேன். பலரும் மேற்கோள் காட்டுவது ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வை. அதன் முதல் பகுதியில் கல்லூரி மாணவர்களை மூன்றாகப் பிரித்து, ஒரு குழுவை நன்றிக்குரியவற்றையும் இன்னொரு குழுவை எரிச்சல் தந்தவற்றையும் மூன்றாவதை வெறும் நிகழ்வுகளையும் எழுதச் சொன்னார்கள். எழுதியது வாரத்துக்கு ஒரு முறை, பத்து வாரம். தினமும் இரண்டு வேளை இல்லை. நன்றி எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட நல்லபடியாக உணர்ந்தார்கள், வரப்போகும் வாரத்தைப் பற்றிய எதிர்பார்ப்பும் நன்றாக இருந்தது. அப்புறம் சோன்யா லுபோமிர்ஸ்கி குழுவினரின் ஆறு வார ஆய்வு. ஒரு கூட்டம் வாரத்துக்கு ஒரு முறை, இன்னொரு கூட்டம் வாரத்துக்கு மூன்று முறை எழுதியது. முன்னேற்றம் தெரிந்தது வாரம் ஒரு முறை எழுதியவர்களிடம் மட்டும்தான். அடிக்கடி எழுதினால் அலுத்துப்போய் வெறும் சடங்காகிவிடும் போலிருக்கிறது, எனக்கு அதை நிரூபிக்க ஆய்வே தேவையில்லை, என் முதல் மாதமே போதும். இதெல்லாம் தெரிந்தும் தினம் ஆறு வரி என்று இந்த நோட்டை ஏன் வடிவமைத்தார்கள் என்றால், அப்போதுதானே பக்கம் தீரும், அடுத்த நோட்டு விற்கும். (சந்தேகப் புத்தி மட்டும் ஆறு மாதத்தில் மாறவில்லை.)

அதனால் ஐந்தாம் வாரத்திலிருந்து தினப் பக்கங்களைக் காலியாக விட்டேன். ஞாயிற்றுக்கிழமை இரவு, வாரப் பக்கம் மட்டும். அந்தப் பக்கத்தின் தலையில் உள்ள கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக இந்த விமர்சனத்தையே எழுதுகிறேன்: 'இந்த வாரம் உங்களுக்காக யார் எதைச் செய்தார்? அவர் அதைச் செய்யாமல் இருந்திருக்க முடியுமா?'

தினப் பக்கத்தின் கேள்விக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அங்கே 'என்ன இருக்கிறது', இங்கே 'யார் செய்தார்'. நம் மொழியில் நன்றி என்ற சொல்லே இந்தப் பக்கம்தான் சாய்கிறது. இன்றைக்கு நாம் நன்றி என்றால் சொல்வது, தேங்க்ஸ். பழைய தமிழில் நன்றி என்றால் நன்மை, ஒருவர் செய்த நல்ல காரியம். செய்ந்நன்றி என்றால் செய்த நன்மை, அதை அறிவதுதான் நன்றியறிதல். சொல்வது அப்புறம், முதலில் ஒருவர் ஒன்றைச் செய்திருக்கிறார் என்பது தெரிய வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதிலும் நினைக்க வேண்டியது இட்டவரை, உப்பை இல்லை. எனக்கு இல்லாமல் போயிருந்தது அந்தத் தெரிதல்தான், தேங்க்ஸ் எல்லாம் தாராளமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன், மின்னஞ்சல் கையெழுத்திலேயே தானாக வரும்.

முதல் தடவை அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தபோது 20 நிமிடம் ஒன்றும் தோன்றவில்லை. யாரும் எனக்கு எதுவும் செய்யவில்லையே என்றுதான் நிஜமாகவே நினைத்தேன். பிறகு ஒன்று வந்தது: புதன்கிழமை பேருந்து கிளம்பி இரண்டடி நகர்ந்த பிறகு ஓட்டுநர் என்னைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு நிறுத்திக் கதவைத் திறந்தார். நான் ஏறியதும் உட்கார இடமில்லையே என்று எரிச்சல்பட்டது ஞாபகம் வந்தது, அவர் நிறுத்தியது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அதை எழுதியதும் பின்னாலேயே மற்றவை வந்தன. நான் அனுப்பிய கோப்பில் ஒரு தப்பு இருந்ததை மேலதிகாரிக்குப் போகும் முன்பே சக ஊழியர் ஒருவர் சத்தமில்லாமல் திருத்தியிருந்தார், என்னிடம் சொல்லக்கூட இல்லை. மழை வந்தபோது எங்கள் துணிகளை எதிர்வீட்டு அம்மா எடுத்து மடித்து வைத்திருந்தார். கடைசி வரியில் நான்கு மாடி ஏறி வந்தவரை எழுத நினைத்தேன், அவர் வந்தது அந்த வாரம் இல்லை, இரண்டு மாதத்துக்கு முன்பு. நோட்டில் அதற்கு இடமில்லை, ஓரத்தில் எழுதினேன்.

'அது அவங்க வேலைதானே, சம்பளம் வாங்கறாங்க இல்ல?' என்ற குரல் ஒன்று உள்ளே இருந்துகொண்டே இருக்கும், உங்களுக்கும் இருக்கும். எனக்கு அது பல வாரம் இருந்தது. சம்பளம் வாங்குகிறார்கள், சரி. ஆனால் சம்பளத்துக்குள் அடங்குவது பேருந்தை ஓட்டுவது, கண்ணாடியில் பார்த்து இரக்கப்படுவது எந்தச் சம்பளப் பட்டியலில் இருக்கிறது? இன்னொன்று, காசு கொடுத்தேன் என்பதால் செய்தவருடைய உழைப்பு ஒன்றும் மாயமாகிவிடுவதில்லை. அந்த நான்கு மாடியை அவர் கால்கள்தான் ஏறின. இந்தக் குரலோடு வாராவாரம் சண்டை போட வைத்ததுதான் இந்தப் பக்கத்தால் எனக்குக் கிடைத்த லாபம், அந்தச் சண்டை இன்னும் முடிந்தபாடில்லை.

ஒரே குறை, அந்தப் பக்கத்தில் 'ஏன்' என்று ஒரு பத்தி இல்லை. மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் சோதித்துப் பார்த்த 'மூன்று நல்லவை' பயிற்சியில், ஒரு வாரம் தினமும் இரவில் நன்றாக நடந்த மூன்றை எழுதுவதோடு அது ஏன் நடந்தது என்பதையும் எழுதச் சொன்னார்கள். அதன் பலன் ஆறு மாதம் கழித்தும் தெரிந்தது, ஒரு வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே தொடர்ந்தவர்களிடம் நன்றாகத் தெரிந்தது. நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, வலது பக்கம் 'ஏன்' என்று எழுதிக்கொண்டேன். வேலை நேரத்துக்கு முடிந்தது என்றால் ஏன்? நான் கெட்டிக்காரன் என்று முதலில் எழுதுவேன். இரண்டாவது காரணம் ஒன்று எழுதியே ஆக வேண்டும் என்று எனக்கு நானே விதி போட்டபோதுதான் மற்றவர்கள் வந்தார்கள். முதல் காரணம் எப்போதும் நான், இரண்டாவது காரணத்திலிருந்துதான் உண்மை.

இது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதற்கு ஷாய் டேவிடாய், தாமஸ் கிலோவிச் இருவரும் 2016-இல் எழுதியதில் ஓர் உவமை உண்டு. சைக்கிளில் போகும்போது எதிர்க்காற்று அடித்தால் ஒவ்வொரு மிதியிலும் அது தெரியும். திரும்பிப் பின்காற்றோடு போனால் ஒரு நிமிடம் 'அப்பாடா', அதோடு மறந்துவிடும், நம் கால் பலம் என்று நினைத்துக்கொள்வோம். நான் நினைத்து நினைத்துச் சொல்லும் வாழ்க்கைக் கதை முழுக்க எதிர்க்காற்று. பின்காற்று ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை, அது எழுதி வைத்தால்தான் இருக்கும். கிடைத்தது பழகிப்போவதும் இதில் சேர்த்திதான். லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரை வைத்து பிலிப் பிரிக்மன் குழுவினர் 1978-இல் செய்த ஆய்வில், வென்றவர்களுக்கு அன்றாடச் சின்னச் சின்ன இன்பங்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இனித்தன. லாட்டரி எதற்கு, எனக்குக் கிடைத்த சம்பள உயர்வே போதும்: முதல் மாதம் ஆச்சரியம், இரண்டாம் மாதம் சம்பளம், மூன்றாம் மாதம் 'இவ்வளவுதானா'.

பன்னிரண்டாம் வாரம் வீட்டில் ஒரு விபரீதப் பரிசோதனை செய்தோம். 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிக்கோலி என்ற இருவர் தம்பதிகளிடம், வீட்டுக் காரியங்களில் உங்கள் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். பெரும்பாலான காரியங்களில் இருவர் சொன்னதையும் கூட்டினால் முழுதுக்கும் மேலே போனது. இதை மனைவியிடம் சொன்னேன், "நாமும் எழுதிப் பாக்கலாங்க" என்றாள். ஆளுக்கொரு துண்டுத் தாளில் எழுதினோம். நான் 60 என்று போட்டிருந்தேன். அவள் 85. மொத்தம் 145. சண்டை வரும் என்று நினைத்தேன், அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், அப்புறம் "அந்த அறுபதக் கொஞ்சம் விளக்குங்க பாப்போம்" என்றாள். விளக்க ஆரம்பித்து, குப்பை, மின்கட்டணம், வண்டி துடைப்பது என்று ஏழாவதிலேயே நின்றுவிட்டேன். அவள் பட்டியல் பின்பக்கமும் போனது. அந்த வாரப் பக்கம் முழுக்க அவள் பட்டியலிலிருந்து எடுத்ததுதான், அதில் பாதி நடப்பதே எனக்குத் தெரியாது. இது நோட்டில் இல்லாத பயிற்சி, இருந்திருக்க வேண்டும்.

இல்லாத இன்னொன்று, கழித்துப் பார்ப்பது. மிங்கியோங் கூ குழுவினர் 2008-இல் செய்ததில், துணையை எப்படிச் சந்தித்தோம் என்று எழுதியவர்களைவிட, சந்திக்காமலே போயிருக்க எப்படியெல்லாம் வாய்ப்பு இருந்தது என்று எழுதியவர்கள்தான் தங்கள் உறவில் அதிக நிறைவை உணர்ந்தார்கள். 'வரவேண்டியதுதானே' என்பதற்கு நேரான மாற்று மருந்து இதுதான் என்பது என் கருத்து, 'வராமலும் போயிருக்கலாம்' என்று உட்கார்ந்து யோசித்துவிட்டால் அந்த நினைப்புக்கு நிற்க இடமில்லை. இப்போதைய வேலைக்கான நேர்முகத்துக்கு நான் போனதே, வேறொருவர் வரவில்லை என்று கடைசி நேரத்தில் ஒரு நண்பர் என் பெயரைச் சொன்னதால்தான். அதை நான் எட்டு வருடமாக 'என் திறமைக்குக் கிடைத்த வேலை' என்று சொல்லிவந்திருக்கிறேன்.

இப்போது திட்ட வேண்டியவை. பதினான்காம் வாரத்தில் ஒரு சிறப்புப் பக்கம்: 'உங்களைக் காயப்படுத்தியவருக்கு நன்றி சொல்லும் மூன்று காரணங்கள் எழுதுங்கள்.' இது தப்பு. முன்பு நான் ஓரிடத்தில் வேலை பார்த்தபோது, இரவு பகலாக வேலை வாங்கிவிட்டு கூடுதல் நேரத்துக்குப் பணம் கேட்டால் "வேலை இருக்கேன்னு நன்றியோட இருங்க" என்று சொன்ன மேலாளர் ஒருவர் இருந்தார். அந்தப் பணம் எனக்கு உண்மையாகவே வரவேண்டியது. செய்த வேலைக்குக் கூலி கேட்பது, மரியாதை கேட்பது, அடிக்காதே என்று சொல்வது எல்லாம் உரிமை, அதை விட்டுக்கொடுக்க வைக்க நன்றியைக் கயிறாக முறுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் கையில் இந்தப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று இதை அச்சடித்தவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

அதே சமயம், பழைய காயத்தை நான் எதற்குப் பயன்படுத்திவந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எமிலி சிட்டெக் என்பவரும் உடன் சிலரும் 2010-இல் செய்த ஆய்வில், தங்களுக்கு அநியாயம் நடந்த ஒரு தருணத்தை நினைத்துப் பார்த்தவர்கள் தங்களுக்கு இனி நல்லது கிடைத்தே ஆக வேண்டும் என்று கூடுதலாக நினைத்தார்கள், ஒரு சின்ன உதவி கேட்டபோது செய்யவும் தயங்கினார்கள். படித்ததும் வயிற்றில் ஏதோ செய்தது. அந்த மேலாளர் எனக்குக் கொடுக்க வேண்டியதை நான் வருடக் கணக்கில் வேறு ஆட்களிடம் வசூலித்துக்கொண்டிருந்திருக்கிறேன், பார்சல் கொண்டுவந்தவர் உட்பட. கேட்க வேண்டிய இடத்தில் கேட்கவில்லை, அதுதான் வேடிக்கை.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு பொன்மொழி, பாதிக்கு மேல் யார் சொன்னது என்றே இல்லை, எல்லாம் ஒரே சர்க்கரைப்பாகு. நோட்டோடு ஓர் ஆப் வருகிறது, இறக்காதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு 'இன்று நன்றி சொல்ல மறந்துவிட்டீர்களே' என்று நோட்டிஃபிகேஷன், தொடர்ந்து எத்தனை நாள் எழுதினீர்கள் என்று ஒரு கணக்கு, 30 நாள் ஆனால் ஒரு பதக்கம். நன்றிக்குப் பதக்கம் எதிர்பார்க்கும் நோயிலிருந்து தப்பிக்க வந்தவனுக்கு இது என்ன வைத்தியம்? அட்டையில் உள்ள 'அறிவியல் நிரூபித்தது' என்ற வரியும் கொஞ்சம் அடக்கி வாசிக்கப்பட வேண்டும். நன்றிப் பயிற்சிகள் மனச்சோர்வையும் பதற்றத்தையும் எவ்வளவு குறைக்கின்றன என்று 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021 கட்டுரையின் முடிவு, பலன் உண்டு ஆனால் சிறிது என்பதுதான். மனச்சோர்வு இருப்பவர்கள் மருத்துவரைப் பாருங்கள், நோட்டு வாங்காதீர்கள்.

வாங்கலாமா? பைண்டிங்குக்காகவும் அந்த ஒரு கேள்விக்காகவும் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். கேள்வியை நான் மேலே எழுதிவிட்டேன், கையில் இருக்கும் ஏதாவது ஒரு பழைய நோட்டில் நடுவில் கோடு கிழித்து, வாரம் ஒரு தடவை எழுதினால் இந்த நோட்டின் முக்கால் பங்கு உங்களிடம் வந்துவிட்டது. யாருக்காவது பரிசாகக் கொடுக்க நினைத்தால் யோசித்துக் கொடுங்கள், வாங்குகிறவருக்குக் குத்திக்காட்டுவது போலத் தோன்றலாம். எனக்குத் தோன்றியது, சரியாகவும் இருந்தது.

மீதிக் கால் பங்கு கடிதத் தாள்களில் இருக்கிறது. ஆறு தாளில் நான் பயன்படுத்தியது இரண்டுதான். கடிதம் எழுதக் கூச்சமாக இருக்கும், பெறுகிறவர் என்ன நினைப்பாரோ என்று. அமித் குமார், நிக்கோலஸ் எப்ளி இருவரும் 2018-இல் வெளியிட்டதில், நன்றிக் கடிதம் எழுதியவர்கள் பெறுபவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று கூட்டியும், அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்பதைக் குறைத்தும் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரு கடிதம் அந்த நண்பருக்கு, என் பெயரைச் சொன்னவருக்கு. அவருக்கு அப்படி ஒன்று செய்ததே ஞாபகம் இல்லை, ஆனால் போனில் அரை மணி நேரம் பேசினார். இன்னொன்று தங்கைக்கு. நோட்டு கொடுத்ததற்கும், அதற்கு முந்தைய முப்பது வருடத்துக்கும் சேர்த்து ஒன்றரைப் பக்கம்.

எழுதி முடித்துக் கிழித்தால், துளை வழியாகக் கிழியாமல் குறுக்கே போய் மூன்றாவது வரியைப் பாதியாக வகுந்துவிட்டது. துளைகள் முழுதாகக் குத்தப்படவே இல்லை, நண்பருக்கு எழுதியதும் இப்படித்தான் ஓரம் பிய்ந்தது. திரும்ப எழுதப் பொறுமையில்லை, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள். "ஹெட்போன் வாங்கித்தரலாம்னுதானே முதல்ல போனே?" என்று கேட்டேன். "ஆமாண்ணா. ஆனா போன வருஷம் நான் குடுத்த சட்டைக்குப் பில் இருக்கான்னு கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? இதுக்குப் பில் கேக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள். பில் கேட்கும் எண்ணம் அன்று எனக்கு இருந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். கடிதத்தைக் கிழிந்த இடத்தில் டேப் போட்டு ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறாள். தயாரிப்பாளர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த பதிப்பிலாவது அந்தத் துளைகளை ஒழுங்காகக் குத்துங்கள்.